கொடுமணல் கொல்லனுக்கு நானோ தெரியாது

தலைப்பைப் பார்த்ததும் திட்டத் தயாராகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும். கொஞ்சம் நீளமான பதிவுதான். பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கு உலோகத்தில் என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். போன மாதம் ஒரு மேடையில் இருந்தவருக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால் வந்த பதிவுதான் இது.

கல்லூரியில் ஒரு விழா. பேச வந்தவர் பெயர் வேண்டாம், கல்லூரிப் பெயரும் வேண்டாம். நல்ல குரல், நல்ல தமிழ். "2500 வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம கொடுமணல் கொல்லன் நானோ தொழில்நுட்பம் தெரிஞ்சு வெச்சிருந்தான்! அவன் செஞ்ச வாளில் கார்பன் நானோ குழாய் இருக்குன்னு ஜெர்மன்காரன் 2006-லதான் கண்டுபிடிச்சான்!" என்றார். அரங்கமே அதிர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, நானும்தான் கை தட்டினேன். கொடுமணல் நம்ம ஊர்ப் பக்கம் ஆச்சே. அவிநாசியிலிருந்து வண்டியை எடுத்தால் திருப்பூர் தாண்டி நொய்யல் கரையோரம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கேள்வி நேரத்தில் எழுந்து, "ஐயா, அந்த ஜெர்மன்காரங்க பார்த்த வாள் எந்தக் காலத்து வாளுங்க?" என்று கேட்டேன்.

"தம்பி எந்த டிபார்ட்மென்ட்?"

"பி.காமுங்க."

"அப்ப டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகுதான்னு பாருப்பா."

மறுபடியும் கைதட்டல். உட்கார்ந்துவிட்டேன். சரி, டேலி ஆகுதா என்று இங்கே பார்ப்போம்.

அந்த ஜெர்மன் ஆராய்ச்சி பொய் இல்லை. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பாஃப்ளர் குழு 2006-ல் நேச்சர் இதழில் எழுதியது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட வாள் 17-ஆம் நூற்றாண்டு வாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருந்தது. கொடுமணலில் தோண்டி எடுத்ததில்லை. அந்த வாளின் இரும்பு தென்னிந்தியாவிலிருந்து போயிருக்கலாம். நம் பக்கத்து உருக்குக் கட்டிகள் பாரசீகம் வரைக்கும் வியாபாரம் ஆனது உண்மை. அதற்காக அந்த வாளை எடுத்து இரண்டாயிரம் வருஷம் பின்னால் தள்ளி நொய்யல் கரையில் நட்டுவைக்க முடியாது. இது ஒரு பக்கம்.

என் கோபம் தேதி பற்றியது இல்லை. "நானோ தெரியும்" என்கிறார்களே, அந்தத் "தெரியும்" பற்றியது. அதைச் சொல்ல என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா அனுப்பர்பாளையத்தில் பாத்திரத் தொழிலாளி. ஊர் தெரியாத வெளியூர் நண்பர்களுக்கு: அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். பித்தளை, செம்புப் பாத்திரத்துக்குப் பேர் போனது. உங்கள் வீட்டுக் கல்யாணச் சீர்வரிசையில் வந்த பித்தளைக் குடம் அங்கே அடித்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மாமா முப்பது வருஷமாகத் தகடு அடிக்கிறார். கூலி எண்ணிக்கைக் கணக்கில். இத்தனை உருப்படிக்கு இத்தனை ரூபாய்.

சின்ன வயதில் லீவுக்குப் போனால் பட்டறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். தகட்டை அடிப்பார், அடிப்பார், திடீரென்று நிறுத்திவிட்டு உலையில் போட்டுக் காய்ச்சுவார். ஆறின பிறகு மறுபடி அடிப்பார். "ஏனுங்க மாமா, இப்பத்தான நல்லா வந்துச்சு, எதுக்கு நிறுத்துனீங்க?" என்று ஒரு தரம் கேட்டேன். "சத்தம் மாறுது பாரு மாப்ளெ. தகடு முறுக்கிக்கிச்சு. இதுக்கு மேல அடிச்சா வாய் பொளந்துரும்" என்றார்.

தகடு முறுக்கிக்கொள்கிறது. இதை எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. பிற்பாடு தேடிப் படித்ததில் புரிந்தது இது. (நான் படித்த அளவுக்குச் சொல்கிறேன், மெட்டலர்ஜி நண்பர்கள் அடிக்க வராதீர்கள். :-) )

உலோகத்துக்குள் அணுக்கள் ராணுவ அணிவகுப்பு மாதிரி வரிசை வரிசையாக நிற்கின்றன. உலோகத்தை வளைத்தால் ஒரு வரிசை இன்னொரு வரிசை மேல் வழுக்க வேண்டும். முழு வரிசையும் ஒரே சமயத்தில் வழுக்குவதென்றால் எவ்வளவு பலம் வேண்டும் என்று ஃபிரெங்கல் என்ற ரஷ்ய இயற்பியலாளர் 1926-ல் கணக்குப் போட்டார். வந்த விடை நடைமுறையோடு ஒத்தே வரவில்லை. சுத்தமான உலோகப் படிகம் அந்தக் கணக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு பலத்துக்கே வளைந்துகொடுக்கிறது. ஏன்?

பவானி ஜமுக்காளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் முழுக்க விரித்த பெரிய ஜமுக்காளம். ஒரு முழம் நகர்த்த வேண்டும். முனையைப் பிடித்து இழுத்தால் பத்து ஆள் வேண்டும். ஆனால் ஒரு ஓரத்தில் சின்ன மடிப்பு ஒன்றை உண்டாக்கி, அந்த மடிப்பை மட்டும் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை போனால்? ஒரே ஆள் போதும். ஜமுக்காளமும் நகர்ந்திருக்கும். உலோகத்துக்குள்ளும் அந்த மாதிரி மடிப்புகள் இருக்கின்றன. நெசவு தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: துணியில் ஒரு பாவு இழை கூடுதலாக நுழைந்து பாதியிலேயே முடிந்துபோனால் அந்த முடிகிற இடம் எப்படி இருக்கும்? அதேதான். அணு வரிசையில் ஒன்று பாதியில் நின்றுபோன இடம். இடப்பெயர்வுக் கோடு என்று புத்தகத் தமிழில் சொல்கிறார்கள், நான் மடிப்பு என்றே சொல்கிறேன். டெய்லர், ஒரோவான், பொலானி என்ற மூன்று பேர் 1934-ல் தனித்தனியாக இதை யோசித்துச் சொன்னார்கள். அப்போது யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1956-ல் கேம்பிரிட்ஜில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அலுமினியத் தகட்டுக்குள் இந்த மடிப்புகள் ஓடுவதை நேரடியாகப் பார்த்தார்கள்.

இப்போது மாமாவின் தகட்டுக்கு வருவோம். சுத்தியால் ஒரு அடி அடித்தால் மடிப்புகள் ஓடுகின்றன, தகடு வளைகிறது. கூடவே புது மடிப்புகளும் பிறக்கின்றன. நன்றாகக் காய்ச்சி ஆற வைத்த உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் மடிப்பு இருக்கும் என்றால், நன்றாக அடிபட்டதில் லட்சம் கோடி வரை போகும். அத்தனையும் ஒன்றுக்கொன்று குறுக்கே போய்ச் சிக்கிக்கொள்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? அந்த நிலைமை. எதுவும் நகராது. நகராததால் தகடு கெட்டியாகிறது, வளையாது, இன்னும் அடித்தால் கிழியும். இதுதான் மாமாவின் "முறுக்கு". உலையில் காய்ச்சினால் அணுக்களுக்கு நடமாட்டம் வருகிறது, சிக்கல்கள் அவிழ்ந்து புதுப் படிகங்கள் முளைக்கின்றன, தகடு மறுபடி மெத்தென்று ஆகிறது. வீட்டிலேயே பார்க்கலாம். காயில் கட்டுகிற கடையில் கெட்டியான செம்புக் கம்பித் துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு வளையுங்கள், வெண்ணெய் மாதிரி வளையும். வளைத்த அதே இடத்தில் திரும்ப நிமிர்த்துங்கள், மறுபடி வளையுங்கள். நாலாவது தரம் கை சொல்லிவிடும்.

பித்தளை சுத்த உலோகம் இல்லை, கலப்பு. செம்புக்கு நடுவில் துத்தநாக அணு. துத்தநாக அணு கொஞ்சம் பெரிசு, அதனால் சுற்றியுள்ள வரிசை நெளிந்திருக்கும். மேடு பள்ளம் உள்ள தரையில் ஜமுக்காள மடிப்பைத் தள்ளுவது போல. அதனால்தான் பித்தளை செம்பைவிடக் கெட்டி. ஒரு கலப்பு எப்படி வளையும், எங்கே கிழியும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்ன அளவில்தான் தீர்மானமாகிறது. தகட்டை அடிக்கிறவர் மில்லிமீட்டரில் வேலை செய்கிறார். காரியம் நடக்கிற இடமோ அதைவிடப் பத்து லட்சம் மடங்கு சின்னது.

நிற்க. அப்படியானால் என் மாமாவுக்கு நானோ தொழில்நுட்பம் தெரியுமா?

மேடைக்காரர் கணக்குப்படி தெரியும். ஒவ்வொரு அடிக்கும் கோடிக்கணக்கான நானோ மடிப்புகளை நகர்த்துகிறாரே! அந்தக் கணக்கில் தினமும் ராத்திரி பாலுக்கு உறை ஊற்றுகிற எங்கள் அம்மிச்சி நுண்ணுயிரியல் விஞ்ஞானி. ஆனால் அதே மாமாவை எந்த மேடைக்கும் கூப்பிட்டு மாலை போட்டு நான் பார்த்ததில்லை. மாமா மாதிரி ஆட்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போயிருந்தால்தான் நமக்குப் பெருமை வருகிறது. உயிரோடு பக்கத்து ஊரில் உட்கார்ந்து அண்டா அடித்துக்கொண்டிருந்தால் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

சரி, கொடுமணலுக்கு வருகிறேன். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-லிருந்து அங்கே அகழாய்வு செய்தது. பிறகு புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் தோண்டின. கல்மணி செய்த இடம், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலைகள், மண் மூசைத் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்கிறார்கள். பெருமைப்பட இதுவே தாராளம். இதற்கு மேல் ஒரு துளி சேர்க்கத் தேவையில்லை.

மூசையில் இரும்பையும் கரியையும் சேர்த்து மூடி, நாள் கணக்கில் அல்லது மணிக்கணக்கில் சூடேற்றி எடுத்த அந்தத் தென்னிந்திய உருக்கைத்தான் ஐரோப்பியர்கள் பிற்காலத்தில் ஊட்ஸ் என்று எழுதினார்கள். உக்கு என்ற கன்னட, தெலுங்குச் சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கியது என்பார்கள். அதில் கரி சுமார் ஒன்றரை சதவீதம். சாதாரணக் கட்டடக் கம்பியைவிடப் பல மடங்கு அதிகம். இவ்வளவு கரி இருந்தால் இரும்புக்குள் சிமென்டைட் என்ற கண்ணாடி மாதிரி உடையக்கூடிய கடினமான துகள் உண்டாகும். நடுவில் மெதுவான இரும்பு, ஊடே கடினமான துகள்கள். மெத்தை இரும்பில் மடிப்புகள் ஓடும், துகளில் போய் முட்டி நிற்கும். அதனால்தான் கூர்மையும் வளைவும் ஒன்றாகக் கிடைக்கிறது.

ஆனால் அந்தத் துகள் சின்னச் சின்ன உருண்டையாகப் பிரிந்து கிடந்தால்தான் இந்த மாயம். பெரிய வலையாகக் கட்டிக்கொண்டு நின்றால், முதல் அடியிலேயே பொலபொலவென்று உதிரும். ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் இந்தக் கட்டியை வாங்கித் தங்கள் வழக்கப்படி வெள்ளைச் சூட்டில் அடித்துப் பார்த்தார்கள். நொறுங்கிப்போனது. நம்மவர்களும் பாரசீகத்தவர்களும் சிவப்புச் சூட்டில், பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார்கள். 1970-களில் ஸ்டான்போர்டில் ஓலெக் ஷெர்பி, ஜெஃப்ரி வாட்ஸ்வொர்த் என்பவர்கள் இதே அளவு கரி உள்ள உருக்கை ஆராய்ந்தார்கள். படிகங்கள் சில மைக்ரான் அளவுக்குப் பொடியாக இருந்தால், சிவப்புச் சூட்டில் அந்த உருக்கு மிட்டாய்ப் பாகு மாதிரி பல மடங்கு நீளத்துக்கு இழுபடுகிறது. படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று மணல் மாதிரி நழுவிக்கொள்கின்றன. தாங்கள் செய்ததும் டமாஸ்கஸ் வாள் உருக்கும் கிட்டத்தட்ட ஒரே சாதி என்று அவர்களே 1980-ல் எழுதினார்கள்.

ஆக, பழைய கொல்லனுக்குத் தெரிந்தது என்ன? எந்த நிறத்தில் அடிக்க வேண்டும். எந்தச் சத்தத்தில் நிறுத்த வேண்டும். எந்த மண்ணில் மூசை செய்தால் தாங்கும். இது சாதாரண அறிவா? தலைமுறை தலைமுறையாகக் கையைச் சுட்டுக்கொண்டு சேர்த்த அறிவு. ஆனால் இது நானோ அறிவு இல்லை. உள்ளே ஏன் அப்படி நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. இதைச் சொன்னால் கொல்லனை அவமானப்படுத்துகிறேனாம். நண்பர்களே, தெரியாது என்பதில்தான் முழுக் கதையே இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும், ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து பல வருஷம் பழைய வாள்களை ஆராய்ந்தார்கள். பென்ட்ரே குதிரைக்கு லாடம் அடிப்பவர். இரண்டு பேரும் சேர்ந்து வாளில் உள்ள அந்த அலை அலையான கோலத்தைத் திரும்ப வரவழைத்துக் காட்டினார்கள். 1998-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: இரும்பில் மிகமிகச் சிறிய அளவில் வனேடியம் போன்ற ஒரு கலப்பு இருந்தால்தான் கரித்துகள்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சில இடத்துத் தாதுவில் அது இயற்கையாகவே இருந்தது. அந்தத் தாது தீர்ந்தோ மாறியோ போனதும், அதே கொல்லன் அதே உலையில் அதே கையால் அடித்தும் கோலம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. தொழில் அழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அவர்கள் கருத்து. 19-ஆம் நூற்றாண்டில் மலிவான இங்கிலாந்து இரும்பு கப்பலில் வந்து இறங்கியதும், காட்டில் கரி எரிக்கக் கெடுபிடி வந்ததும் சேர்ந்து மீதியை முடித்துவைத்தன. அதை மறுக்கவில்லை.

இப்போது யோசியுங்கள். அந்தக் கொல்லன் முகத்தை நினைத்துப் பாருங்கள். அப்பன் சொன்ன மாதிரியே செய்தேன், ஏன் நொறுங்குகிறது? "உன் கை சரியில்லை" என்று கூட்டத்தார் சொல்லியிருப்பார்கள். "அவனுக்கு நானோ தெரியும்" என்று சொல்லிவிட்டால் இந்த மனுஷன் கதையிலிருந்தே காணாமல் போகிறான். நானோ தெரிந்திருந்தால் அவன் ஏன் தோற்றான் என்ற கேள்விக்கு மேடைக்காரரிடம் பதில் இருக்காது.

"உன் கை சரியில்லை" என்ற வாசகத்தை நான் கற்பனையாக எழுதவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமாவிடமே சொன்னார்கள். மாமா வேலை செய்த ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) ஒரு லோடு தகடு வந்தது. அதில் அடித்த குடங்கள் கழுத்துப் பக்கம் வரிசையாக வெடித்தன. வழக்கத்தைவிட ஒரு தரம் கூடக் காய்ச்சிப் பார்த்தார். கேட்கவில்லை. வெடித்த உருப்படிக்கெல்லாம் கூலி பிடித்துவிட்டார்கள். வயசாயிருச்சு, அடி சரியா விழுகிறதில்லை என்று பேச்சு. மாமா இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. முப்பது வருஷம் தன் காதையும் கையையும் நம்பிய மனுஷன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஒரு வெடித்த துண்டை எடுத்துக்கொண்டு, மெட்டலர்ஜி படிக்கிற பள்ளிக்கூட நண்பன் ஒருவனிடம் போனேன். மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தான். மஞ்சள் படிகங்களுக்கு இடையில் கருப்பாகப் புள்ளி புள்ளி. "ஈயமா இருக்கும்டா" என்றான். கோயமுத்தூரில் ஒரு லேபில் காசு கட்டி ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் எடுத்தோம். ஈயம்தான்.

விஷயம் இதுதான். பித்தளைக் குழாய், வால்வு மாதிரி லேத்தில் கடைகிற சாமான்களுக்கு வேண்டுமென்றே இரண்டு மூன்று சதவீதம் ஈயம் சேர்ப்பார்கள். ஈயம் பித்தளையில் கரையாது. சின்னச் சின்னத் துளியாக உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கும். லேத்தில் கடையும்போது சுருள் சுருளாக வராமல் பொடிப்பொடியாக உதிர அது உதவும். ஆனால் அதே பித்தளையைத் தகடாக்கி அடித்தால்? வளைகிற உலோகத்துக்கு நடுவே ஒவ்வொரு ஈயத் துளியும் ஒரு ஓட்டை மாதிரி. கழுத்தை ஒடுக்கும்போது ஓட்டைக்கு ஓட்டை விரிசல் ஓடும். யாரோ பழைய குழாய் ஸ்கிராப்பையும் தகடு உருக்குகிற உலையில் போட்டுவிட்டார்கள். எவ்வளவு காய்ச்சினாலும் மடிப்புச் சிக்கல் அவிழுமே தவிர ஈயத் துளி போகாது. மாமா கைமேல் ஒரு தப்பும் இல்லை.

ஓனரிடம் அந்த டெஸ்ட் காகிதத்தைக் கொடுத்தேன். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் சாதாரண இழப்பு, அசாதாரண இழப்பு என்று இரண்டு உண்டு. சரக்கே கெட்டுப்போய் வருகிற நஷ்டம் அசாதாரண இழப்பு, அது லாப நஷ்டக் கணக்குக்குப் போக வேண்டும், தொழிலாளி கூலியில் கழிக்க எந்தப் பாடப் புத்தகத்திலும் இடமில்லை என்றும் சொன்னேன். பாதிக் கூலி திரும்பி வந்தது. மீதி இன்னும் வரவில்லை. (வரும் என்று நம்புகிறவர்கள் கை தூக்கவும்.)

மேடையில் டெபிட் கிரெடிட் பார்க்கச் சொன்னாரே, பார்த்தது இதைத்தான்.

"பெருமை பேசினால் உனக்கு என்னடா நஷ்டம்?" என்று அன்றைக்கு வெளியே வந்ததும் வகுப்பு நண்பன் கேட்டான். நஷ்டம் இருக்கிறது. முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று முடித்துவிட்டால் அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை. வாட்ஸப்பில் ஃபார்வர்டு செய்தால் கடமை முடிந்தது. கீழடிப் பானை ஓட்டின் கருப்புப் பூச்சில் நானோ குழாய் இருப்பதாக வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதினார்கள். பூச்சில் இப்படிப்பட்ட அமைப்பு காணப்பட்டது என்பது ஆய்வு. அது ஃபார்வர்டாக வரும்போது "கீழடியில் நானோ ஆய்வகம்" ரேஞ்சுக்குப் போய்விடுகிறது. அடப்பாவிகளா! ஆய்வாளர்கள் பட்ட பாட்டையும் சேர்த்துக் கேலிக்கூத்தாக்குவது இந்தக் கூட்டம்தான்.

வெளிநாட்டுக்காரன் இதே உருக்கைப் பார்த்து என்ன செய்தான் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே. நாம் மின்சாரத்துக்குப் படிக்கிற அதே ஃபாரடே. அவர் அப்பா கொல்லர். 1819-ல் இந்திய உருக்கை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அலுமினியம், சிலிக்கான் சமாச்சாரம்தான் ரகசியம் என்று முடிவு கட்டினார். தப்பான முடிவு! ஆனால் அதோடு விடவில்லை. ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து உருக்கில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். கலப்பு உருக்கு ஆராய்ச்சிக்கே அது ஒரு தொடக்கம். தெரியாது என்று ஒத்துக்கொண்டவன் தப்புச் செய்தும் முன்னே போனான்.

இதில் நம் ஆள் ஒருவரும் உண்டு, அவரைப் பற்றி எந்த ஃபார்வர்டும் எனக்கு வந்ததில்லை. எஸ். ரங்கநாதன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர். சாரதா சீனிவாசனோடு சேர்ந்து ஊட்ஸ் உருக்கு பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர். அதே மனிதர் 2003-ல் கரன்ட் சயின்ஸ் இதழில் பல உலோகக் காக்டெய்ல் என்று வேடிக்கையான தலைப்பில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதுவரை உலோகக் கலப்பு என்றால் ஒரு ராஜா, நாலு மந்திரி. இரும்புதான் முக்கியம், மற்றதெல்லாம் சிட்டிகை. ராஜாவே இல்லாமல் ஐந்தாறு உலோகத்தைச் சம அளவில் கலந்தால் என்ன என்ற திசையைக் காட்டிய ஆரம்பக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. மறுவருஷமே தைவானில் ஜியென்-வெய் யே, இங்கிலாந்தில் பிரயன் கேண்டர் இருவரும் அப்படிச் செய்த கலப்புகளை வெளியிட்டார்கள். கேண்டரின் கலப்பு இரும்பு, குரோமியம், மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட், தலைக்கு 20 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த செய்தி, அந்த வேலை 1981-லேயே வின்சென்ட் என்ற ஓர் இளநிலை மாணவரின் புராஜெக்டாகத் தொடங்கியது என்பதுதான். நம்மை மாதிரி டிகிரி மாணவர்!

இந்தக் கலப்புக்குள் மேடு பள்ளம் இல்லாத இடமே கிடையாது. ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்து வீட்டுக்காரன் வேறு. மடிப்பு நேர்கோட்டில் ஓட முடியாமல் நெளிந்து நெளிந்து, நின்று நின்று போகிறது. சாதாரண உருக்கு பலவும் கடும் குளிரில் கண்ணாடி மாதிரி உடையும். இந்தக் கலப்போ மைனஸ் 196 டிகிரியில் இன்னும் உறுதியாகிறது என்று 2014-ல் காட்டினார்கள். மடிப்பு ஓடுவது போதாமல், படிகம் தன்னையே கண்ணாடிப் பிம்பம் மாதிரி நானோ அளவுப் பட்டைகளாகத் திருப்பிக்கொள்கிறது, அதனால் கிழிவதற்குப் பதில் இழுபடுகிறது.

இன்னொரு வேடிக்கை. உலோகத்தைத் தலைமுடியைவிட மெல்லிய தூணாகச் செதுக்கி அமுக்கிப் பார்த்தால், பெரிய கட்டியைவிடப் பல மடங்கு பலம் காட்டுகிறது. 2004-ல் நிக்கல் தூண்களில் இதைக் காட்டினார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் மடிப்புகள் சேர்ந்து பெருக இடமில்லை, ஓரத்துக்கு ஓடி வெளியே போய்விடுகின்றன. ஆனால் நியோபியம், மாலிப்டினம், டாண்டலம், டங்ஸ்டன் நான்கையும் சமமாகக் கலந்து சூரிக்கில் 2014-ல் அதே சோதனை செய்தபோது, தூண் சிறுத்தால் பலம் கூடும் வேகம் தனி உலோகங்களில் இருந்த அளவுக்கு இல்லை. மடிப்பை அணுக்களே ஒவ்வொரு அடியிலும் பிடித்து நிறுத்துவதால், தூண் சின்னதா பெரிதா என்பது முன்போல முக்கியமில்லை என்கிறார்கள். இன்னும் முழுக்கத் தீர்ந்த கணக்கில்லை இது. ஐந்து உலோகத்தை எந்த விகிதத்தில் கலந்தால் எப்படி வளையும் என்று காகிதத்திலேயே சொல்லிவிட இன்றைக்கும் முடியவில்லை. உருக்கி, அடித்து, அறுத்துத்தான் பார்க்கிறார்கள். கொடுமணல்காரன் செய்ததும் அதைத்தான், அறுத்து உள்ளே பார்க்க அவனிடம் கண் இல்லை.

விழா முடிந்த வார இறுதியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மேடையில் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். அந்த நண்பன் அனுப்பிய நுண்ணோக்கிப் படத்தை போனில் பெரிசு பண்ணி மறுபடி காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கருப்புப் புள்ளி ஒன்றின் மேல் விரலை வைத்து, "தகடு வந்ததும் இதை இங்கயே பாக்கறதுக்கு மிசினு என்ன வெல ஆகும் மாப்ளெ?" என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பழைய நுண்ணோக்கி யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.